வெப்சைட்டுக்கு எழுத்து யார் தர வேண்டும்: டிசைனரா, நாமா?

கூடுதுறைக்காரன்:
வணக்கம். பவானியில் எங்களுக்கு ஜமக்காளக் கடை. தாத்தா காலத்தில் சொந்தத் தறி இருந்தது. இப்போது சுற்றுவட்டாரத்தில் நூல் கொடுத்து, கூலிக்கு நெய்து வாங்கி விற்கிறோம். கடைக்கு ஒரு வெப்சைட் வேண்டுமென்று ஈரோட்டில் ஒரு டிசைனரைப் பிடித்தோம். 28,000 ரூபாய் பேசி, பாதி அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

மூன்றே வாரத்தில் டிசைன் காட்டினார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எங்கே பார்த்தாலும் புரியாத லத்தீன் வரிகள். "அது சும்மா இடம் நிரப்ப. கன்டென்ட் நீங்கதான் தரணும் சார்" என்றார். எங்களுக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். சரி என்று கடை நோட்டீஸின் டிடிபி ஃபைலை அனுப்பினேன். அதை எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறதாம்.

அப்புறம் ஒரு ராத்திரி உட்கார்ந்து நானே எழுதினேன்: "தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்." படித்துவிட்டு, "இதைச் செல்போன் கடைக்கும் போடலாமே சார்" என்றார். கோபம் வந்தது. ஆனால் உண்மைதானே. இரண்டு மாதமாக வேலை அப்படியே நிற்கிறது. என்னதான் எழுதுவது?

பிக்சல் அக்கா:
தம்பி, தப்பில் பாதி உங்கள் டிசைனர் மேல். எழுத்தும் போட்டோவும் யார் பொறுப்பு என்று கொட்டேஷனிலேயே ஒரு வரி போட்டிருக்க வேண்டும். நானும் தொடங்கின புதிதில் போடாமல் அடிபட்டவள்தான். கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு எழுத்து வராமலே டிசைனை முடித்தேன். மூன்று கட்டம், கட்டத்துக்கு இரண்டு வரி, பார்க்க அவ்வளவு அழகு. கடைசியில் வந்ததோ 11 மாடல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க அட்டவணை. அளவெடுக்காமல் துணியை வெட்டின கதைதான். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்தேன், என் செலவில்.

நோட்டீஸ் விஷயம்: அது வானவில், பாமினி மாதிரி பழைய ஃபாண்டாக இருக்கும். கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. வெப்சைட்டுக்கு யூனிகோட் வேண்டும், அதாவது எந்தப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற எழுத்துமுறை. என்ன ஃபாண்ட் என்று டிடிபிக்காரரிடம் கேட்டு, என்எச்எம் கன்வர்ட்டர் என்ற எழுத்து மாற்றும் மென்பொருளில் மாற்றுங்கள். மாற்றின பிறகு ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறியிருக்கும்.

என்ன எழுதுவது என்று மண்டையை உடைக்க வேண்டாம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். ஒரு வாரம், போனிலும் நேரிலும் வருகிற கேள்விகளை, கேட்டவர் வாய் வார்த்தையிலேயே குறித்துவையுங்கள். அப்பா சொல்கிற பதிலைப் போனில் ரெக்கார்ட் பண்ணுங்கள். தயவுசெய்து அதைச் செந்தமிழாக்காதீர்கள்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் பட்டனுக்குள் அடங்குவது தமிழில் பல நேரம் இரண்டு வரியாக உடையும், அதுவும் போன் திரையில். நிஜ எழுத்தை முதலிலேயே கேட்டு நாங்கள் நச்சரிப்பது இதனால்தான்.

மசாலாக் கடை:
ஆன்லைனில் பணம் வாங்கப் போகிறீர்களா? அப்படியென்றால் சரக்கைத் திருப்பி எடுப்பது, பணம் திரும்பத் தருவது, டெலிவரி, தனியுரிமை, இதற்கெல்லாம் தனிப் பக்கம் எழுதியாக வேண்டும். இவை இல்லாமல், ஆன்லைனில் பணம் வசூலித்துத் தருகிற பேமென்ட் கேட்வே கம்பெனி எனக்கு அனுமதி தரவில்லை. 2020 மின்வணிக விதிப்படி, குறை கேட்கிறவர் ஒருவரின் பெயரும் தொடர்பும் சைட்டில் இருக்க வேண்டும். நான் அவசரத்துக்கு இன்னொரு கடையிலிருந்து காப்பி அடித்தேன். வழக்கு என்றால் ஜெய்ப்பூர் நீதிமன்றம் என்று நான்கு மாதம் என் சைட்டில் இருந்தது. நான் இருப்பது தேனியில்!

போட்டோவை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சும்மா அனுப்பினால் சுருங்கிவிடும், நூல் முறுக்கு தெரியாது.

தறிச்சத்தம்:
பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைத்தறிக்கென்றே ஒதுக்கின 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. அப்படியும் விசைத்தறிச் சரக்கு 'பவானி' என்ற பெயரில் ஓடுகிறது. அந்தக் கடைக்காரனும் "தரமே மந்திரம்" என்றுதான் எழுதியிருப்பான். உங்கள் சரக்கு எந்தத் தறியில், யார் கையில் நெய்தது என்று எழுதுங்கள். அதை அவனால் எழுத முடியாது.

கூடுதுறைக்காரன்:
ஒன்பது நாள் நோட்டுப் போட்டேன். 41 கேள்வி. மண்டபத்தில் விரிக்க என்ன சைஸ், சாயம் போகுமா, மிஷினில் துவைக்கலாமா, இந்த மூன்றுதான் திரும்பத் திரும்ப. அப்பா ஒரு அம்மாவுக்குப் போனில் சொன்னதை அப்படியே எடுத்தேன்:

"மிஷின்ல போடாதீங்க கண்ணு, நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். மொதத் தடவ தனியா, பச்சத் தண்ணியில அலசுங்க. செவப்பு கொஞ்சம் விடும், பயந்துக்காதீங்க. முறுக்கிப் பிழிய வேண்டாம். ரெண்டு கொடியில சேத்துப் போடுங்க, ஒரே கொடின்னா நடுவுல தொங்கிரும்."

டிசைனர் இதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே முகப்புப் பக்கத்தை மாற்றிவிட்டார். மேலே இருந்த ஓடும் படங்களைத் தூக்கிவிட்டு சைஸ் அட்டவணை, அதன் கீழே அப்பா பேச்சு. சட்டப் பக்கங்களை ஆடிட்டரிடம் காட்டிவிட்டுப் போடப் போகிறேன். தறிச்சத்தம் அண்ணன் சொன்னபடி, எங்களுக்கு நெய்கிறவர்களிடம் போட்டோவுக்குச் சம்மதம் கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவர் கை மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

தாத்தா படம்தான் இன்னும் பஞ்சாயத்தில் இருக்கிறது. அப்பா அதை மாலையும் சந்தனப் பொட்டுமாக முகப்பில் வைக்கச் சொல்கிறார்.

பிக்சல் அக்கா:
தாத்தா தறியில் உட்கார்ந்த படம் ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா என்று வீட்டில் அம்மாவிடம் கேளுங்கள், தம்பி. அப்பாவிடம் கேட்காதீர்கள்.