‘கருத்துத் திருட்டு’ வேண்டாம், ‘மூலமறைப்பு’ எனலாம்: பிளேஜியரிசத்துக்கு ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளில் ஆய்வேடு எழுதும் முதுகலை மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். அதன் கலைச்சொற்களில் ‘கல்வி நேர்மை’ பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அது தெளிவான, வழங்கிவரும் சொல். பிறர் எழுத்தையோ கருத்தையோ தன்னுடையதாகக் காட்டும் ‘பிளேஜியரிசம்’ என்பதற்கு, நம் கலைச்சொல் உரையாடலில் நண்பர்கள் முன்வைத்த ‘கருத்துத் திருட்டு’, ‘எழுத்துத் திருட்டு’, ‘அறிவுக் களவு’ ஆகிய மூன்றையும் நிதானமாகப் பார்த்தேன். மூன்றுமே குற்றத்தைத் தவறான இடத்தில் வைத்துக் காட்டுகின்றன என்பது என் கருத்து. ‘மூலமறைப்பு’ என்னும் சொல்லை அவற்றுக்கு மாற்றாக முன்மொழிகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட ஒழுங்குமுறை விதிகள், பிறருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டும் செயலையே பிளேஜியரிசம் என்று வரையறுக்கின்றன. எடுப்பது ஒரு செயல், தன்னுடையதாகக் காட்டுவது இன்னொரு செயல். முதலாவது குற்றமே அன்று. பிறர் கருத்தை எடுக்காமல் எந்த ஆய்வும் நடவாது. இரண்டாவதுதான் குற்றம். ‘கருத்துத் திருட்டு’ என்னும் சொல்லோ முதலாவதைக் குற்றமாக்கிவிட்டு, இரண்டாவதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது. இதனால் வகுப்பில் விளையும் குழப்பத்தை ஆண்டுதோறும் பார்க்கிறேன். “அப்படியானால் யாருடைய கருத்தையும் எடுக்கக் கூடாதா, ஐயா?” என்று அஞ்சிக் கேட்கும் மாணவியும், “கருத்துதான் அவருடையது, வரிகளை நான் மாற்றிவிட்டேனே” என்று நிம்மதியடையும் மாணவரும் ஒரே சொல்லால் வழிதவறியவர்கள்.

திருட்டு என்றால் பொருளை இழந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் இசைவின்றி அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில் சென்ற ஆண்டு மாணவர் ஒருவர் தம் பிராஜெக்டின் சாஃப்ட் காப்பியை இளையவருக்கு மனமுவந்து கொடுக்கிறார். இளையவர் முகப்புத் தாளை மட்டும் மாற்றி ஸ்பைரல் பைண்டிங் செய்து சமர்ப்பிக்கிறார். இங்கே எவரும் எதையும் இழக்கவில்லை, இசைவும் இருக்கிறது. ஆய்வேட்டைக் காசு கொடுத்து எழுதி வாங்கியவரும் திருடியவர் அல்லர், விலை கொடுத்தவர். தம்முடைய பழைய கட்டுரையையே புதியது போல மறுபடியும் அளிப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ‘தன் கருத்துத் திருட்டு’ என்றாக வேண்டும். தன் பொருளைத் தானே திருடுவது எப்படி? சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததைத் தன் எழுத்தாக ஒப்படைப்பவரிடம், யாரிடமிருந்து திருடினாய் என்று கேட்டால் விடையே கிடையாது. இந்த நான்கிலும் மாறாமல் இருப்பது ஒன்றுதான்: எழுத்து எங்கிருந்து வந்தது என்பது மதிப்பிடுபவரிடமிருந்து மறைக்கப்படுகிறது. அதைத்தான் நம் சொல் சுட்ட வேண்டும்.

பதிப்புரிமை மீறலோடு இதைக் குழப்பிக்கொள்வதும் ‘திருட்டு’ என்னும் சொல்லின் விளைவுதான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் எழுத்தாளரின் வாழ்நாளில் வெளிவந்த நூலுக்கு அவர் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பிந்தைய 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அந்தக் காலம் கடந்த நூலைப் பெயர் சொல்லாமல் படியெடுத்தால் அது பதிப்புரிமை மீறல் ஆகாது. கல்வி நேர்மை அப்போதும் கெடும்.

‘பிளேஜியரிசம்’ என்பதன் லத்தீன் வேர்ச்சொல்லே ஆள் கடத்துபவனைக் குறிப்பதால் திருட்டுப் பொருள் இருந்தாக வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அச்சொல்லை இப்பொருளில் ஆண்ட ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் மனக்குறை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தம் கவிதைகளைத் தன்னுடையவை போலப் படித்துக்காட்டிய பிடெண்டினஸ் என்பவரிடம், என்னுடையவை என்று சொல்வதாயின் இலவசமாகவே அனுப்புகிறேன் என்கிறார் அவர். அவருக்கு வலித்தது, பெயர் மறைக்கப்பட்டதே.

நம் மரபும் இதற்கு இடம் தருகிறது. ‘முன்னோர் மொழி பொருளே அன்றி அவர் மொழியும் பொன்னே போல் போற்றுவம்’ என்று நன்னூல், முன்னோரின் கருத்தையும் சொல்லையும் எடுத்தாள்வதை வெளிப்படையாகவே ஏற்கிறது. தொல்காப்பியத்தில் ‘என்ப’ என்றும் ‘என்மனார் புலவர்’ என்றும் திரும்பத் திரும்ப வருவது, சொல்லப்படும் செய்திக்கு முன்னோர் உண்டு என்னும் ஒப்புதல். பிறர் பாட்டைத் தன் பாட்டாகக் காட்டுபவரைக் குறிப்பதாக இன்னொருவர் சுட்டிய ‘கள்ளக்கவி’ என்னும் பழைய வழக்கு திருட்டுப் பொருளுக்குச் சான்று என்று தோன்றலாம். நான் அதை என் பக்கத்துச் சான்றாகவே கொள்கிறேன். கள்ளநோட்டு திருடப்பட்ட நோட்டு அன்று. கள்ளக் கையெழுத்தும் திருடிய கையெழுத்து அன்று. அங்கெல்லாம் ‘கள்ள’ என்பது, ஒன்று தான் அல்லாத வேறொன்றாகக் காட்டப்படுவதையே குறிக்கிறது.

‘மூலம்’ என்றதும் நோயின் பெயர் நினைவுக்கு வரும் என்னும் தயக்கத்தை நான் பெரிதாகக் கருதவில்லை. மூலநூல், மூலப்படி என்று நாளும் எழுதுகிறோம். வேலூரின் சத்துவாச்சாரியில் மனை வாங்கப் போகிறவர் மூலப்பத்திரத்தைக் காட்டுங்கள் என்றுதான் முதலில் கேட்கிறார். இந்த நிலம் உங்களிடம் எங்கிருந்து வந்தது என்னும் அந்தக் கேள்விதான் ஆய்வேட்டை மதிப்பிடுபவரின் கேள்வியும்.

‘மறைப்பு’ வேண்டுமென்றே செய்வதைக் குறிக்கும், கவனக்குறைவால் மூலத்தைச் சுட்டும் சான்றை விட்டுவிட்டவரை அது தாக்காதா என்பது வலுவான எதிர்வாதம். ஆனால் அந்த மாணவரைத் ‘திருடன்’ என்பது அதைவிடக் கொடுமை. கவனக்குறைவுக்குச் ‘சான்று விடுபடல்’ என்று தனியே ஒரு சொல் வைத்துக்கொண்டால், விசாரிக்கும் குழுவும் இரண்டையும் பிரித்துப் பேச முடியும்.

எதற்கு மூலத்தைச் சுட்ட வேண்டும் என்பதற்கு, எங்கள் ஊர் மாணவர்கள் அடிக்கடி எழுதும் பொருளையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர் என்பது பொது அறிவு. அதற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. அக்கிளர்ச்சிக்குப் புதிய தலைப்பாகை ஆணை முதன்மைக் காரணமா, கோட்டையில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பவை வரலாற்றாசிரியர்களின் முடிவுகள். அவற்றை எடுத்தாளும்போது உரியவரைச் சுட்டியாக வேண்டும். மூலத்தில், ‘தலைப்பாகை ஆணை சிப்பாய்களின் சமய உணர்வைப் புண்படுத்தியது, ஊதியக் குறைவு அந்தக் காயத்தை ஆழமாக்கியது’ என்று இருப்பதாகக் கொள்வோம். மாணவர், ‘தலைப்பாகை உத்தரவு சிப்பாய்களின் மத உணர்வைக் காயப்படுத்தியது, குறைந்த சம்பளம் அந்தப் புண்ணை ஆழப்படுத்தியது’ என்று எழுதுகிறார். ஆணை உத்தரவாயிற்று, புண்ணும் காயமும் இடம் மாறின. வாக்கியத்தின் எலும்புக்கூடும் சிந்தனையின் வரிசையும் அப்படியே நிற்கின்றன. எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரெபெக்கா மூர் ஹவர்ட் ‘பேட்ச்ரைட்டிங்’ என்று பெயரிட்ட இதற்குச் ‘சொல்மாற்று நகல்’ என்பதை முன்வைக்கிறேன். இதைக் கேடு நினைத்துச் செய்பவர்களைவிட, ‘சொந்த நடையில் எழுது’ என்பதற்கு இதுதான் பொருள் என்று எண்ணிச் செய்பவர்களே மிகுதி. மூலத்தைப் படித்து மூடிவைத்துவிட்டு, விளங்கியதைத் தன் போக்கில் எழுதி, உரியவரையும் சுட்டுவதற்கு நம் உரைமரபின் ‘பொழிப்பு’ என்னும் சொல்லே பொருந்தும், புதுச்சொல் தேவையில்லை.

ஏட்டைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் தரும் எண்ணுக்கும் தனிச்சொல் வேண்டும். மேலே சொன்ன மானியக் குழு விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை இருந்தால் ஆறு மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 60 வரை இருந்தால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டை அளிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் அந்தப் படிப்பில் செய்த பதிவே நீக்கப்படும். உரிய சான்றோடு தரப்பட்ட மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரா. முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்கான ஏடுகளுக்கே இது பொருந்தும். வகுப்பு ஒப்படைப்புகளை இவ்விதிகள் விலக்கியிருப்பதால், இளங்கலை மாணவருக்கு ஆசிரியரோ கல்லூரியோ சொல்வதுதான் விதி. மென்பொருள் அளப்பது ஒப்புமையை மட்டுமே. மேலே காட்டிய சொல்மாற்று நகலை அது தவறவிடக்கூடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான கோப்பு கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே தெரிவதால், அதை யூனிகோடுக்கு மாற்றி ஒட்டியவரையும் அது பிடிக்காமல் போகலாம். ஆகவே அந்த எண்ணை ‘ஒப்புமை விழுக்காடு’ என்றே வழங்க வேண்டும். ‘திருட்டு விழுக்காடு’ என்று அலுவலகங்களில் புழங்கத் தொடங்கியிருப்பதைக் கையேட்டில் ஏற்க மாட்டேன். மூலமறைப்பு நிகழ்ந்ததா என்பது, ஏட்டைப் படித்துப் பார்த்த மனிதர் சொல்ல வேண்டிய தீர்ப்பு.

தம் பழைய எழுத்தையே புதியது போல அளிப்பதைக் குறிக்கும் ‘தன்மூலமறைப்பு’ என்னும் கூட்டுச்சொல் சற்றே நீளம். அதனினும் சுருக்கமான வடிவம் தோன்றினால் எழுதுங்கள். மூலத்தைச் சுட்டும் குறிப்பான ‘சைட்டேஷன்’ என்பதற்குச் ‘சான்றுச் சுட்டு’, ‘மேற்கோள் சுட்டு’ ஆகிய இரண்டில் எது நிலைக்க வேண்டும் என்பதிலும் எனக்கு உங்கள் தீர்ப்பு வேண்டும். மேற்கோள் குறிக்குள் வராத பொழிப்புக்கும் சுட்டு தேவைப்படுவதால், நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து