புது வீட்டில் காற்றோட்டக் கருவி: ஜன்னலைத் திறக்கலாமா?

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். கிரானைட் லாரிகள் ஓயாமல் செல்லும் சாலையோரம் 1,200 சதுர அடியில், இரண்டு படுக்கையறைகளுடன் வீடு கட்டித் தை மாதம் குடிபுகுந்தோம். தூசிக்கு அஞ்சி, இறுக மூடும் யு.பி.வி.சி. ஜன்னல்களையும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே வெப்பத்தை மீட்கும் காற்றோட்டக் கருவி ஒன்றையும் பொருத்தினோம். உள்காற்றை வெளியேற்றி, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும்போது, ஒன்றின் வெப்பத்தை மற்றொன்றுக்குக் கைமாற்றும் கருவி அது. கருவி இரவு பகலாக ஓடியும், கதவைச் சாத்தி ஏசி போட்டுப் படுத்தால் விடியற்காலையில் தலை கனக்கிறது. போதாக்குறைக்கு, வாசற்கதவின் அடி இடுக்கில் தினமும் கோடு போட்டதுபோல் தூசி படிகிறது. ஜன்னலைத் திறந்தால் கருவி வீண் என்று பொருத்தியவர் சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் திறக்காத வீடும் ஒரு வீடா என்கிறார் என் மாமியார். யார் சொல்வது சரி?

பதில் (ஓசூர்):
ஸ்பிளிட் ஏசி அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்குமே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவராது. உங்கள் கதவிடுக்குத் தூசிதான் துப்பு. உள்ளே வரும் காற்றைவிட வெளியேறும் காற்று மிகுந்தால், வீடு கிடைத்த இடுக்கிலெல்லாம் காற்றை உறிஞ்சும். வெளிக்காற்று நுழையும் பக்கத்து ஃபில்டர் அடைபட்டால் இப்படி ஆகும்; அதைக் கழற்றிப் பாருங்கள். பட்டி தேய்த்த தூசி புது வீட்டில் இலேசில் அடங்காது. முதல் ஆறு மாதமும் மூன்று வாரத்துக்கொரு முறை நாங்கள் ஃபில்டரைச் சுத்தம் செய்தோம்.

பதில் (தருமபுரி):
படுக்கையறைக் கதவின் அடியில் ஒரு விரற்கடையாவது இடைவெளி இருக்கிறதா? அது இல்லாவிட்டால், அறைக்குள் வரும் காற்று குளியலறையின் உறிஞ்சுவாய்க்குப் போய்ச் சேர வழியில்லை. வீட்டுக் காற்றோட்டத்துக்கு அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே வகுத்த 62.2 தரக் கணக்குப்படி உங்கள் வீட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 58 கன அடி வெளிக்காற்று வேண்டும். கருவி அந்த அளவில் ஓடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஜன்னல் விஷயத்தில் நான் உங்கள் மாமியார் கட்சி. சித்திரை வெயிலில் பகலெல்லாம் மூடி வைப்பது நியாயம்தான். ஆனால் இரவில் வெளியே வீட்டைவிடக் குளிர்ந்த பிறகும் கருவி அப்படியே ஓடினால், வெளியேறும் சூட்டை உள்வரும் குளிர்காற்றிலேயே ஏற்றிவிடும். பைபாஸ் வசதி (வெப்பத்தைக் கைமாற்றாமல் வெளிக்காற்றை நேராக உள்ளே விடுவது) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையேல் கருவியை நிறுத்திவிட்டு, லாரி ஓட்டம் குறைந்த நேரத்தில் ஜன்னலைத் திறக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஃபில்டர் பழைய கம்பளித் துண்டுபோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. வெளிச்சுவரில் காற்று நுழையும் வலையில் பாதியைக் குளவிக்கூடு அடைத்திருந்தது. இரண்டையும் சுத்தம் செய்த மூன்றாம் நாளே வாசலில் தூசிக்கோடு காணவில்லை. கதவின் அடியைச் சீவ ஆசாரியை ஞாயிறன்று வரச் சொல்லியிருக்கிறோம். பின்புற ஜன்னல் நேற்றிரவே திறந்தாயிற்று.