அடுத்த ஜேம்ஸ் பாண்ட்: எதிர்பார்ப்பும் கவலையும்

கேள்வி:
டேனியல் கிரெய்க் 2006 முதல் 2021 வரை ஐந்து படங்களில் ஜேம்ஸ் பாண்டாக நடித்து விடைபெற்றுவிட்டார். காதலியை இழந்த துயரத்தை முகத்தில் சுமந்துகொண்டே சண்டையிடும் ஒரு மனிதனை அவர் நமக்குக் காட்டிய பிறகு, புதிதாக வருபவர் வெறும் கோட்டும் துப்பாக்கியுமாக நின்றுவிடுவாரோ என்று அஞ்சுகிறேன். இளைய நடிகர் ஒருவர் வந்து பல ஆண்டுகள் நிலைக்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

பதில் 1:
உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் 2005இல் கிரெய்கின் பெயர் அறிவிக்கப்பட்டபோது, பொன்னிற முடி கொண்டவர் பாண்டாக முடியுமா என்று எத்தனை ரசிகர்கள் கொதித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நானும் அவர்களில் ஒருவன். முதல் படத்திலேயே என் மனம் மாறிவிட்டது.

பதில் 2:
எல்லா மாற்றமும் அப்படி அமைந்துவிடவில்லை, நண்பரே. ஷான் கானரிக்குப் பின் வந்த ஜார்ஜ் லேசன்பி 1969இல் ஒரே படத்தோடு விலகினார். 1971இல் கானரியையே திரும்ப அழைத்தார்கள். இத்தனைக்கும் லேசன்பியின் படம், மனைவியைப் பறிகொடுக்கும் அந்த இறுதிக் காட்சிக்காகவே, எனக்கு மிகவும் பிடித்த பாண்ட் படம். ஆகவே நடிகரைவிடக் கதையைப் பற்றியே கவலைப்படுகிறேன்.

பதில் 3:
ரோஜர் மூர் 1973இல் வந்தபோது கானரியைப் போல நடிக்க முயலவில்லை. தமக்கே உரிய நகைச்சுவையோடு ஏழு படங்களில் நிலைத்தார். புதியவரும் கிரெய்கின் சாயலைத் தேடாமல் தம் வழியில் நடிக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இயக்குநராக டெனி வில்நெவ் 2025இல் அறிவிக்கப்பட்டது எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது.