பூசைக்கு முன் நீங்கள் தியானிக்கும் செபம் எது?

புதுச்சேரியிலிருந்து:

ஞாயிறு பூசைக்கு இருதய ஆண்டவர் கோயிலுக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விடுவேன். அமைதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பாடகர் குழு கீபோர்டைச் சரிபார்க்கும், ஒருவர் மைக்கைத் தட்டி ‘ஹலோ ஹலோ’ என்பார், பக்கத்து ரயில் நிலையத்தில் ஹாரன் அலறும். அதற்கு நடுவில்தான் நற்கருணை வாங்குமுன் சொல்லும் செபத்தை அசைபோடுவேன்: நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும், எனது ஆன்மா நலமடையும்.

பூசையில் இது நொடியில் ஓடிவிடும். முன்பே உட்கார்ந்து யோசித்தால்தான், இந்த வார்த்தைகளை முதலில் இயேசுவிடம் சொன்ன மத்தேயு 8ஆம் அதிகாரத்து நூற்றுவர் தலைவர் கண்முன் வருகிறார். கப்பர்நாகூமில் அந்தப் படை அதிகாரி கேட்டது தனக்காக இல்லை, முடக்குவாதத்தில் கிடந்த வேலைக்காரனுக்காக. நாமோ ‘எனது ஆன்மா நலமடையும்’ என்று நமக்காகவே கேட்கிறோம். அதனால் பூசைக்கு முன் மட்டும் இதை வேறு யாருக்காவது சொல்கிறேன். சமீபத்தில் ஜிப்மரில் படுத்திருந்த எங்கள் தெரு இஸ்திரிக்காரருக்காகச் சொன்னேன். அவர் வண்டி இப்போது மறுபடி தெருமுனையில் நிற்கிறது. செபத்தால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன், டாக்டர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் முன்பெல்லாம் துணியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவேன். இப்போது சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமல் நகர முடிவதில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து:

அக்கா, நாங்கள் சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. திருவிருந்து ஆராதனையின் தொடக்கத்தில் வரும் ஜெபம்தான் எனக்கு. எல்லா இருதயங்களையும் அறிந்த, எந்த இரகசியமும் மறையாத தேவனிடம், எங்கள் உள்ளத்தின் நினைவுகளைச் சுத்திகரியும் என்று கேட்பது. பழைய இங்கிலாந்தில் சாலிஸ்பரி ஊரின் பெயரால் வழங்கிய ‘சாரம்’ (Sarum) வழிபாட்டு முறையில், குருவானவர் பூசைக்கு முன் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள லத்தீனில் சொன்ன ஜெபம் இது. 1549ஆம் ஆண்டு இங்கிலாந்து திருச்சபையின் பொது ஜெபப் புத்தகத்தில் பேராயர் கிரான்மர் இதை ஆங்கிலத்தில் வைத்தார், சபையார் காதிலும் விழுந்தது. ஆக, ஆராதனைக்கு முன் இதைத் தியானிப்பது நாம் கண்டுபிடித்த பழக்கம் இல்லை.

ஆபீஸ் சண்டை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும் ஞாயிறுகளில்தான் இது கை கொடுக்கிறது. முன்பு சண்டையைத் துரத்திவிட்டு ஜெபிக்கப் பார்ப்பேன், போகாது. இப்போது, அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று அந்தச் சண்டையையே எதிரில் வைத்து ஆரம்பித்துவிடுகிறேன். மேனேஜரும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வார், என்ன செய்வது!

நெல்லித்தோப்பிலிருந்து:

கால் மணி நேரமா? கொடுத்து வைத்தவர்கள்! பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு ஓடும் எனக்கு ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ தவிர வேறு எதுவும் கட்டுப்படியாகாது. எங்கள் ஆயா இன்னும் பழைய ‘கீரியே எலெய்சோன்’தான் முணுமுணுப்பார். அது கிரேக்கம் ஆயா என்றால், லத்தீன் பூசையில் பாடினது லத்தீன் இல்லாமல் என்ன என்று சண்டைக்கு வருவார். நான் தமிழில், சிக்னலில் ஸ்கூட்டர் நிற்கும்போது சொல்கிறேன். பின்னால் உட்கார்ந்திருக்கும் சின்னவள் ‘கிறிஸ்துவே இரக்கமாயிரும்’ என்று பதில் கொடுப்பாள். பச்சை விழுந்துவிட்டால் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டு, ‘போம்மா, ஹாரன் அடிக்கிறாங்க’ என்பாள்.