இன்ஜினியரிங் முடிச்சு ஐ.டி.ல இருந்தவ, 33 வயசுல அமெரிக்கால நர்சிங் சேரணும். எந்த வழில போறது?

எடிசன்_கோவைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கோயம்புத்தூர் பக்கத்துல பி.இ. ஈ.சி.இ. படிச்சேன், அண்ணா யூனிவர்சிட்டி டிகிரி, சிஜிபிஏ 7.4. அப்புறம் சோழிங்கநல்லூர்ல டெஸ்டிங் வேலை, கல்யாணம், இப்ப நியூஜெர்சில எச்4ல (எச்1பி வேலை விசால இருக்குறவரோட மனைவிக்குக் குடுக்குற விசா) இருக்கேன். வீட்டுக்காரருக்கு ஐ-140 (கிரீன் கார்டுக்காக கம்பெனி போடுற மனு) அப்ரூவ் ஆயிருச்சு, நான் இன்னும் ஈஏடி (வேலை செய்யுற அனுமதி கார்டு) போடல. பையன் இந்த வருஷம் கிண்டர்கார்டன் போறான்.

போன வருஷம் மாமியார் இங்க வந்திருந்தப்ப பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சு ஆபரேஷன், அப்புறம் ரீஹேப்னு ரொம்ப நாள் ஆச்சு. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாததால நான்தான் பகல் பூரா கூடவே இருந்தேன். அங்க இருந்த நர்ஸுங்க வலி எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு கேக்குறது, மருந்து ஒவ்வொண்ணும் எதுக்குன்னு சொல்றது, கட்டில்ல திருப்பிப் படுக்க வைக்கிறது, எல்லாத்தையும் பாத்துட்டே இருந்தேன். மறுபடி லேப்டாப் முன்னாடி போய் டெஸ்ட் கேஸ் எழுதுறதுக்கு மனசே வரல. நான் செய்ய வேண்டிய வேலை இதுதான்னு தோணுது, ஏதோ வேகத்துல சொல்லல, பல மாசமா இதையேதான் யோசிக்கிறேன்.

பிரச்சனை என்னன்னா ப்ளஸ் டூல நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பயாலஜி எல்லாம் பத்தாவதோட போச்சு. இங்க ஏபிஎஸ்என்னு ஒண்ணு இருக்கு, ஏற்கனவே டிகிரி இருக்குறவங்க ஒண்ணு ஒண்ணரை வருஷத்துல முடிக்கலாம்ங்கறாங்க, கம்யூனிட்டி காலேஜ்ல ஏடிஎன்னு ரெண்டு வருஷ நர்சிங் டிகிரி, நேரா மாஸ்டர்ஸ் கூட இருக்காம். நம்ம ஊர் பி.இ.ய எடுத்துப்பாங்களா? எச்4ல படிக்க முடியுமா? எது முதல்ல செய்யணும்? அம்மா போன்ல "இன்ஜினியரிங் படிக்க வச்சது இதுக்கா"ன்னு அழுதுட்டாங்க, அதுவும் ஒரு பக்கம் ஓடுது.

டாலஸ்_ஆர்என்:

தோழி, நானும் ஐ.டி.ல இருந்து வந்தவதான், ஏபிஎஸ்என் முடிச்சு இப்ப டாலஸ்ல கார்டியாக் ஸ்டெப்டவுன் யூனிட்ல (ஐசியூவுக்கு அடுத்த நிலைல இருக்குற இதய வார்டு) இருக்கேன். உங்க டிகிரிய எடுத்துப்பாங்க, ஆனா அப்படியே இல்ல. முதல் வேலை, வெஸ் மாதிரி வெளிநாட்டு டிகிரிய மதிப்பிடுற ஒரு ஏஜென்சில கோர்ஸ் பை கோர்ஸ் எவால்யூவேஷன் போடுங்க, டாக்குமெண்ட் பை டாக்குமெண்ட் போட்டா நர்சிங் ஸ்கூலுக்கு உதவாது, ஏன்னா அவங்களுக்கு ஜிபிஏவும் பாடம் பாடமா கிரெடிட்டும் வேணும். போடுறதுக்கு முன்னாடி நீங்க அப்ளை பண்ணப் போற ஸ்கூல் எந்த ஏஜென்சிய ஏத்துக்கும்னு பாத்துக்கோங்க. கிண்டில இருந்து டிரான்ஸ்கிரிப்ட் வர்றதுக்கு நேரம் பிடிக்கும், அதனால வேற எதுக்கும் காத்திருக்காம இன்னிக்கே ஆரம்பிங்க. உங்களுது நாலு வருஷ டிகிரிங்கறது நல்லது, மூணு வருஷ பி.எஸ்சி., பி.காம். படிச்சவங்களுக்கு எல்லா ஸ்கூலும் முழு பேச்சிலர்ஸா ஒத்துக்கறதில்ல.

அடுத்தது பிரீரெக்விசிட், அதாவது சேர்றதுக்கு முன்னாடியே முடிச்சிருக்க வேண்டிய பாடங்கள். எல்லாரும் ஏபிஎஸ்என் 12 மாசம், 15 மாசம்னு சொல்றப்ப இத விட்டுடுவாங்க. அனாட்டமி அண்ட் பிசியாலஜி 1, 2, மைக்ரோபயாலஜி, இது மூணும் லேபோட. அப்புறம் கெமிஸ்ட்ரி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், லைஃப்ஸ்பான் சைக்காலஜி, நிறைய இடத்துல நியூட்ரிஷன். ஏ அண்ட் பி 1 முடிச்சாதான் 2, அதனால வருஷம் ஒண்ணு அதுக்கே போயிரும்னு வச்சுக்கோங்க. இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரிய சில ஸ்கூல் ஒத்துக்கும், சிலது ஒத்துக்காது, ரொம்ப பழசா போச்சுன்னும் சொல்வாங்க, சயின்ஸ் பாடங்களுக்கு அஞ்சு வருஷம் ஏழு வருஷம்னு கெடு வச்சிருக்குற ஸ்கூல் ஜாஸ்தி. ஆனா நீங்க ஈ.சி.இ., நாலாவது செமஸ்டர்ல பிராபபிலிட்டி அண்ட் ரேண்டம் பிராசஸஸ் படிச்சிருப்பீங்கல்ல, அந்த சிலபஸ ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு பதிலா அனுப்பிக் கேட்டுப் பாருங்க. ஒத்துக்கிட்டா ஒரு பாடம் மிச்சம்.

இங்க டெக்சாஸ்ல ஸ்டேட் யூனிவர்சிட்டில பேச்சிலர்ஸ் வாங்கணும்னா அமெரிக்கன் ஹிஸ்டரி 6 கிரெடிட், கவர்மெண்ட் 6 கிரெடிட் சட்டப்படி வேணும், இந்தியா டிகிரி வச்சிருக்குறவங்க அத உக்காந்து படிச்சே ஆகணும். உங்க ஸ்டேட்ல அது இல்ல, இருந்தாலும் யாராவது வேற ஸ்டேட் மாறுற யோசனைல இருந்தா கவனிங்க.

பயாலஜி பத்தாவதோட போச்சுன்னு பயப்படாதீங்க. ஏ அண்ட் பி ல எலும்பு, தசை, நரம்பு பேர் எல்லாம் மனப்பாடம், அதுல நம்ம ஊர் ஆளுங்க தாக்குப்பிடிச்சிருவோம். கஷ்டம் எங்கன்னா நர்சிங் உள்ள போன பிறகு வர்ற கேள்விகள்ல. நாலு ஆப்ஷனும் சரியாத்தான் இருக்கும், இந்த பேஷண்டுக்கு முதல்ல எத செய்வீங்கன்னு கேப்பான். மனப்பாடம் அங்க கைகொடுக்காது. நாலு பேஷண்ட்ல யார முதல்ல போய் பாக்கணும், மூச்சுத் திணறல் இருக்குறவரையா, வலில கத்துறவரையானு யோசிக்கப் பழகணும், அது வர்றதுக்கு எனக்கு ஒரு செமஸ்டர் பூரா ஆச்சு.

ஜெர்சி_மதுரைக்காரன்:

சகோதரி, நான் நர்ஸ் இல்ல, என் மனைவி இங்க கம்யூனிட்டி காலேஜ்ல ஏடிஎன் முடிச்சு ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) ஆனவங்க. பணத்தப் பத்தியும் விசாவப் பத்தியும் நான் சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல அந்த ரெண்டையும் நான்தான் உக்காந்து பாத்தேன்.

எச்4ல முழுநேரம் படிக்கலாம், எஃப்1க்கு (ஸ்டூடண்ட் விசா) மாறத் தேவையே இல்ல. மாறிட்டா ஈஏடி போயிரும், படிப்பு முடிச்சு கிடைக்கிற ஓபிடியும் (எஃப்1க்காரங்களுக்கு தற்காலிக வேலை அனுமதி) ஒரே வருஷம்தான், அத நீட்டிக்க உதவுற ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி பாடங்கள்) லிஸ்ட்ல நர்சிங் இல்ல. கிளினிக்கல், அதாவது ஆஸ்பத்திரில எடுக்குற பயிற்சி, சம்பளம் இல்லாத படிப்போட பகுதி, அதுக்கு வொர்க் பர்மிட் கேக்க மாட்டாங்க, ஆனா சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேக்ரவுண்ட் செக்னு பல இடத்துல கேப்பாங்க, அதுக்காகவே ஐ-140 வச்சுக்கிட்டு ஈஏடிய இப்பவே போட்டு வைங்க. நியூஜெர்சில 2020ல வந்த சட்டப்படி லைசென்ஸுக்கு இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் தடை இல்ல. ஆனா லைசென்ஸ் வேற, வேலை செய்யுற அனுமதி வேற, ரெண்டாவதுக்கு ஈஏடி கைல இருக்கணும். இன்னொண்ணு, 2025 அக்டோபர் 30லருந்து போடுற ஈஏடி ரினியூவலுக்கு பழைய மாதிரி தானா நீளுற வசதி கிடையாது. கார்டு தேதி முடிஞ்சா அன்னிக்கே வேலைய நிறுத்தணும், அதனால முடியுறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே போட்டுருங்க. ஆஸ்பத்திரி எச்1பி போடும்னு யாராவது சொன்னா நம்பிராதீங்க, சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு ரெண்டு வருஷ டிகிரியே போதும்ங்கறதால அது பெரும்பாலும் நிக்காது. கிரீன் கார்டுக்கு நர்ஸ் ஷெட்யூல் ஏ ங்கற ஆள் பற்றாக்குறை பட்டியல்ல வர்றாங்க, பெர்ம் (உள்ளூர்ல ஆள் கிடைக்கலன்னு கம்பெனி நிரூபிக்கிற நடைமுறை) தேவையில்ல, ஆனா இந்தியாக்காரங்களுக்கு ஈபி3ங்கற கிரீன் கார்டு பிரிவு வரிசை இருக்குற நீளம் உங்களுக்கே தெரியும்.

பணம். எச்4க்கு ஃபெடரல் லோன் எதுவும் கிடையாது. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு லோன் உண்டு, ஆனா கைல ஏற்கனவே ஒரு பேச்சிலர்ஸ் இருந்தா, அது இந்தியாவுல வாங்கினதா இருந்தாலும், பெல் கிராண்ட் (திருப்பிக் கட்ட வேண்டாத ஃபெடரல் உதவித்தொகை) கிடையாது. பிரைவேட் யூனிவர்சிட்டி ஏபிஎஸ்என் 60, 70 ஆயிரம் டாலர்னு போகுது, பசங்கள பாத்துக்க ஆள் வைக்கிற செலவு தனி. கவுண்ட்டி காலேஜ்ல அந்த கவுண்ட்டிக்காரங்களுக்கு ஃபீஸ் கம்மி, மொத்தமா அதுல பாதிகூட வராது. ஏபிஎஸ்என்னோ ஏடிஎன்னோ, முடிச்சவங்க எழுதுறது ஒரே என்க்லெக்ஸ் (லைசென்ஸ் பரீட்சை), வாங்குறது ஒரே ஆர்என் லைசென்ஸ். என் மனைவி ஏடிஎன் முடிச்சு வேலைக்கு சேந்துட்டு, ஆன்லைன்ல பிஎஸ்என் (நர்சிங் பேச்சிலர்ஸ் டிகிரி) படிச்சாங்க, ஃபீஸ்ல ஒரு பங்க ஆஸ்பத்திரியே குடுத்துச்சு.

டாலஸ்_ஆர்என்:

மதுரை அண்ணன் சொல்றது பணக் கணக்குல நூத்துக்கு நூறு சரி. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேன். பெரிய டீச்சிங் ஆஸ்பத்திரிங்க பல இடத்துல புது ஆளுங்கன்னா பிஎஸ்என்தான் கேக்குறாங்க. பக்கத்துல நியூயார்க்ல 2017ல ஒரு சட்டமே போட்டாங்க, புதுசா ஆர்என் ஆகுறவங்க 10 வருஷத்துக்குள்ள பிஎஸ்என் முடிக்கணும்னு. நீங்க இருக்குற எடிசன்ல இருந்து மன்ஹாட்டன் ஆஸ்பத்திரிக்கு ட்ரெயின்ல போறவங்க இருக்காங்க, அந்த ஆசை இருந்தா இத மனசுல வச்சுக்கோங்க. ஏடிஎன்ல சீட் கிடைக்குறதும் லேசு இல்ல, வெயிட்டிங் லிஸ்ட், பாயிண்ட் சிஸ்டம்னு இருக்கும், ரெண்டு பக்கமும் அப்ளை பண்ணுங்க.

எந்த ஸ்கூலா இருந்தாலும் மூணு விஷயம் பாக்காம பணம் கட்டாதீங்க. ஸ்டேட் போர்டு ஆஃப் நர்சிங் அப்ரூவல் இருக்கா, சிசிஎன்இ இல்லன்னா ஏசிஇஎன்னு நர்சிங் படிப்புகளுக்கு தரச்சான்று குடுக்குற அமைப்புகளோட அக்ரிடிடேஷன் இருக்கா, கடைசியா என்க்லெக்ஸ்ல முதல் தடவையே பாஸ் ஆனவங்க எத்தன சதவீதம். இந்த மூணாவத போர்டு வெப்சைட்லயே வருஷா வருஷம் ஸ்கூல் வாரியா போடுறாங்க. விளம்பரம் பலமா இருக்கு, பாஸ் பர்சண்டேஜ் கம்மியா இருக்குன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. நேரா மாஸ்டர்ஸ்னு கேட்டீங்கல்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கொலம்பியா எல்லாம் நர்சிங்ல சேராத டிகிரிக்காரங்களுக்குன்னே அத வச்சிருக்காங்க, பேர் பெரிசு, ஃபீஸும் அப்படித்தான். முடிச்சு வெளிய வந்தாலும் முதல் வேலை அதே வார்டு நர்ஸ் வேலைதான், அதனால கடன் வாங்கி அங்க போறத நான் சொல்ல மாட்டேன்.

டீஸ்ங்கற நர்சிங் நுழைவு எக்ஸாம் பத்தி நீங்க கேக்கல. 170 கேள்வி, 209 நிமிஷம், ரீடிங், மேத்ஸ், சயின்ஸ், இங்கிலீஷ். மேத்ஸ் உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. சயின்ஸ்ல ஏ அண்ட் பி நிறைய வரும், அதனால ஏ அண்ட் பி 2 முடிச்ச சூட்டோட எழுதுங்க. சில ஸ்கூல் டீஸுக்கு பதிலா ஹெசினு வேற நுழைவு எக்ஸாம் கேக்கும்.

வேலூர்_அக்கா:

நான் வேலூர் சி.எம்.சி.ல பி.எஸ்சி. நர்சிங் படிச்சிட்டு இங்க வந்தவ, இப்ப ஐசியூல இருக்கேன், ஸ்டூடண்ட்ஸ் என்கிட்டதான் கிளினிக்கலுக்கு வருவாங்க. கண்ணு, உன் கேள்வில எல்லாரும் அட்மிஷனப் பத்தி சொல்லிட்டாங்க, நான் வேலையப் பத்தி சொல்றேன்.

நீ பாத்தது பகல் ரீஹேப். 12 மணி நேர ஷிஃப்ட், புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல நைட்தான் பெரும்பாலும் வரும். மலம், மூத்திரம், வாந்தி, ரத்தம் எல்லாம் கை வைக்கணும், தலைகால் புரியாத பேஷண்ட் அடிப்பாங்க, சாவு பாக்கணும், செத்தவங்க உடம்ப சுத்தம் பண்ணி குடும்பத்துக்கு காட்டணும். இது உனக்கு சரிப்படுமான்னு 60,000 டாலர் கட்டின பிறகு தெரிஞ்சுக்கக் கூடாது. ஈஏடி வந்த உடனே சிஎன்ஏ (நர்ஸுக்கு உதவியாளர்) டிரெயினிங் எடு. ஃபெடரல் கணக்குப்படி குறைஞ்சது 75 மணி நேரம், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் கூடும். அத முடிச்சு நர்சிங் ஹோம்ல வாரத்துக்கு ரெண்டு நாள் குளிப்பாட்டு, சோறு ஊட்டு, பெட்பேன் எடு. அப்பவும் இதுதான் வேணும்னு உன் மனசு சொன்னா யாரு என்ன சொன்னாலும் நிக்காத. ஸ்கூல்லயும் அந்த அனுபவத்த மதிப்பாங்க, ஸ்டேட்மெண்ட் எழுதுறப்ப சொல்றதுக்கு உனக்கு சொந்த விஷயம் இருக்கும்.

இன்னொண்ணு நம்ம ஆளுங்களுக்குன்னே சொல்றேன். கிளினிக்கல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி, எம்எம்ஆர், சின்னம்மை, டிபி எல்லாத்துக்கும் பேப்பர் கேப்பாங்க. ஹெபடைடிஸ் பி மூணு டோஸ் போட்டு முடிக்க ஆறு மாசம் ஆகும், இப்பவே டைட்டர் (ஏற்கனவே எதிர்ப்பு சக்தி இருக்கான்னு பாக்குற ரத்த டெஸ்ட்) பாத்துட்டு இல்லன்னா ஆரம்பி. நமக்கெல்லாம் பொறந்தப்பவே பிசிஜி போட்டிருக்காங்க, அதனால தோல்ல போடுற டிபி டெஸ்ட் சும்மாவே வீங்கி பாசிட்டிவ்னு காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே, டாக்டர் லெட்டர்னு அலைய விடுவாங்க. குவாண்டிஃபெரான் ரத்த டெஸ்ட் வேணும்னு முதல்லயே கேளு.

அம்மா அழுதாங்கன்னு எழுதியிருக்க. எங்க அப்பாவும் பேசாமத்தான் இருந்தாரு. நர்ஸ்னா டாக்டர் சொன்னத செய்யுறவன்னு நம்ம ஊர்ல இன்னும் நினைக்கிறாங்க, ராத்திரி 3 மணிக்கு பிபி இறங்குறத முதல்ல கண்டுபிடிச்சு டாக்டர எழுப்புறது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. அம்மாகிட்ட வாதாடாத. உன் மாமியார யார் எழுப்பி நடக்க வச்சாங்கன்னு அவங்களையே சொல்லச் சொல்லு, சம்பந்தி சொன்னா கேட்டுப்பாங்க.

எடிசன்_கோவைப்பொண்ணு:

அக்கா, படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். மாமியார்கிட்ட சொன்னேன், நானே பேசுறேன்னுட்டாங்க. மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஈஏடி ஃபார்ம் இந்த வாரமே போடுறோம், வெஸ்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணிட்டேன். ஸ்பிரிங் செமஸ்டர்ல ஏ அண்ட் பி 1 கவுண்ட்டி காலேஜ்ல எடுக்கலாம்னு இருக்கேன். ஆன்லைன் லேப் வச்சு எடுத்தா பையன பாத்துக்க ஈஸியா இருக்கும், அப்படி எடுக்கலாமா? கூடவே கெமிஸ்ட்ரியும் சேத்து எடுத்துரவா?

டாலஸ்_ஆர்என்:

ஆன்லைன் லேப சில நர்சிங் ஸ்கூல் ஒத்துக்கறதே இல்ல, நீங்க குறி வச்சிருக்குற ஸ்கூலுக்கெல்லாம் முதல்ல ஒரு ஈமெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க, போன்ல சொன்னத நம்பாதீங்க. முடிஞ்சா நேர்ல போய் எடுங்க, எலும்ப கைல எடுத்துப் பாக்குறதும் ஸ்கிரீன்ல பாக்குறதும் ஒண்ணு இல்ல. முதல் செமஸ்டர் ஏ அண்ட் பி 1 மட்டும், வேணும்னா சைக்காலஜிய கூட சேத்துக்கோங்க, கெமிஸ்ட்ரி வேண்டாம். பிரீரெக்விசிட்ல ஏ கிரேடுதான் உங்கள உள்ள கொண்டு போகும், 7.4 சிஜிபிஏ வெஸ்ல எப்படி மாறி வந்தாலும் இந்தப் புது மார்க்கத்தான் கமிட்டி உத்துப் பாக்கும். சில ஏ அண்ட் பிக்கு பயாலஜி 1 முடிச்சிருக்கணும்னு கண்டிஷன் இருக்கும், காலேஜ் அட்வைசர்கிட்ட கேளுங்க. ரெஜிஸ்ட்ரேஷன் தொறந்த அன்னிக்கே உக்காந்துருங்க, சாயந்தர லேப் செக்‌ஷன்தான் முதல்ல நிறையும்.