நண்பன் போய் 5 வாரம், அவன் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அழிஞ்சிடுமா?

நள்ளிரவு:
நெருங்கிய நண்பன் இறந்து 5 வாரம். ஒருநாள் வேலை ஓடுது, மறுநாள் குளிக்கக்கூட எழுந்திருக்க முடியல. துக்கத்துக்கு ஐந்து கட்டம்னு சொல்றாங்களே, இது எந்தக் கட்டம்? அவன் வாட்ஸ்அப் கணக்கு போயிட்டா அனுப்பின குரலும் போயிடுமா?

ஓரத்துத் திண்ணை:
கட்டத்தைத் தேடாதீங்க. அந்த ஐந்து கட்டத்தைச் சொன்ன மனநல மருத்துவர் கியூப்ளர்-ராஸ் 1969-ல எழுதினது சாவை எதிர்நோக்கின நோயாளிகளைப் பத்தி. பறிகொடுத்தவங்களுக்கு அதைப் பிறகுதான் ஒட்டவெச்சாங்க. 1999-ல துக்கத்தை ஆராய்ஞ்ச ஸ்ட்ரோபேயும் ஷுட்டும் சொன்னதுதான் உங்களுக்குப் பொருந்துது: மனசு ஒரு நேரம் இழப்புப் பக்கம், ஒரு நேரம் அன்றாடப் பக்கம்னு மாறி மாறிப் போகும். வேலை ஓடுற நாள் துரோகம் இல்ல.

பழைய ரேடியோ:
உங்க போன்ல இறங்கின குரல் அவர் கணக்கு போனாலும் இருக்கும். போன் மாத்தும்போதுதான் தொலையும். 120 நாள் யாரும் திறக்காத கணக்கை வாட்ஸ்அப் நீக்கிடும். குரூப்ல திடீர்னு 'வெளியேறினார்'னு வரும், முகப்புப் படமும் காணாமப் போகும். தெரியாமப் பார்த்தா அடிவயிறு கலங்கிடும், படத்தை இப்பவே எடுத்து வெச்சிடுங்க.

சாட் எக்ஸ்போர்ட்டை மட்டும் நம்பாதீங்க. மீடியாவோட எடுத்தா கடைசி 10,000 மெசேஜ்தான் வரும். மெசேஜ் கொஞ்ச நாள்ல தானா அழியுற 'மறையும் செய்திகள்' போட்டிருந்தா இன்னைக்கே காப்பி எடுங்க. இப்ப அணைச்சாலும் பழையது தப்பாது. ஆண்ட்ராய்டுல வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டரையே கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென் டிரைவ்ல ஒண்ணுனு ரெண்டு இடத்துல வைங்க.

இரவுப்பணி:
படுத்து 20 நிமிஷம் போல தூக்கம் வரலன்னா எழுந்து மங்கலான வெளிச்சத்துல உக்காருங்க. கண் சொக்கும்போது போய்ப் படுங்க. குடிச்சாத் தூக்கம் வரும், ஆனா பின்னிரவுல முழிப்பு தட்டிடும்.

5 வாரத்துல இதை நோய்னு சொல்ல மாட்டாங்க. உலக சுகாதார நிறுவன வரையறைப்படி நீடித்த துக்கக் கோளாறுன்னு சொல்லவே குறைஞ்சது 6 மாசம் ஆகணும். ஆனா சாகணும்னு நினைப்பு வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க, நாள் கணக்கு பாக்காதீங்க. நெஞ்சு வலியையும் 'மனவேதனை'ன்னு ஒதுக்காதீங்க. பெரிய துக்கத்துல இதயத் தசையே திடீர்னு தளர்றது உண்டு, ஈசிஜியில மாரடைப்பு மாதிரியே தெரியும்.

நள்ளிரவு:
நன்றி. ஃபோல்டரைத் திறந்தேன், எல்லார் குரலும் கலந்து கிடக்கு. ஃபைல் பேர்ல ஆள் பேரே இல்லையே?

பழைய ரேடியோ:
தேதியும் வரிசை எண்ணும்தான் இருக்கும். அவர் சாட்ல தேடலுக்குப் போய் காலண்டர் குறியைத் தட்டி, அதே தேதிக்குப் போங்க. அங்க கேட்டு ஒத்துப் பார்த்து பேர் மாத்துங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் கேக்க வேணாம். காப்பி எடுத்தாச்சு, இனி அவசரம் இல்ல.