எண்ணெயை நிறுத்தினால் போர் வருமா? 1941 ஜப்பானை முன்வைத்து ஒரு விவாதம்

செல்வராசு (கருப்பூர்)

"பொருளாதாரத் தடைங்கிறது போருக்கு மாற்று, ரத்தம் சிந்தாம எதிராளியை வழிக்குக் கொண்டுவரலாம்"னு நேத்து இன்னொரு இழையில் பாலு எழுதியிருந்தார். துணிக்கும் சர்க்கரைக்கும் போடுற தடைன்னா சரி. எண்ணெய், தண்ணீர் மாதிரி, இல்லைன்னா நாடே நின்னுபோற பொருளுக்குப் போட்டா கதை வேற. ஜப்பானுக்கு நடந்ததைத் தேதி வரிசையாப் பாருங்க.

ஜப்பான் எரிச்ச எண்ணெயில் ஏறக்குறைய 80 சதவீதம் அமெரிக்காவிலிருந்து போனது. 1940 ஜூலையில் எண்ணெய் வகையில் அமெரிக்கா முதல்ல நிறுத்தினது விமான பெட்ரோலைத்தான், அதுவும் 87 ஆக்டேனும் (பெட்ரோலோட தர அளவு) அதுக்கு மேலும். ஜப்பான் அதுக்குக் கொஞ்சம் கீழான தரத்தை வாங்கி, ஈயச் சேர்மம் கலந்து சமாளிச்சுது. செப்டம்பர்ல காயலான் இரும்பை நிறுத்தினாங்க. 1941 ஜூலை 26-ல் ஜப்பானோட சொத்து, வங்கிக் கணக்கு எல்லாத்தையும் முடக்கினாங்க. ஆகஸ்ட் 1-ல் எண்ணெய்க்கே தடை. டிசம்பர் 7-ல் அமெரிக்காவோட பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு விழுந்தது. தடைக்கும் குண்டுக்கும் நடுவுல நாலு மாசம்தான்.

ஏற்காட்டுக் காற்று

அண்ணே, வரிசையைப் பாதியிலிருந்து ஆரம்பிச்சிருக்கீங்க. 1937 ஜூலையிலிருந்தே ஜப்பான் சீனாவில் முழுப் போர் நடத்திக்கொண்டிருந்தது. 1940 செப்டம்பரில் வட இந்தோசீனாவுக்குள் (பிரான்ஸ் ஆண்ட, இன்றைய வியட்நாம் பக்கம்) புகுந்தது, அதே மாதம் ஜெர்மனி, இத்தாலியோடு ஒப்பந்தம் போட்டது. 1941 ஜூலை 2-ல் பேரரசர் முன்னிலையில் கூடியவர்கள் தெற்கே இறங்குவது என்றும், அதனால் பிரிட்டன், அமெரிக்காவோடு போர் வந்தாலும் பின்வாங்குவதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். அப்போது எண்ணெய்த் தடை கிடையாது. தென் இந்தோசீனாவைப் பிடிக்க ஜப்பான் கிளம்பியதற்குப் பதிலாகத்தான் கணக்கு முடக்கம் வந்தது. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கும் யோசனையை ஜப்பான் கடற்படைத் தளபதி யமமோட்டோ 1941 ஜனவரியிலேயே கடற்படை அமைச்சருக்கு எழுதிவிட்டார்.

அடிக்கத் தீர்மானித்தவனுக்குத் தடை ஒரு சாக்கு. காரணமாக அதைக் காட்டினால், சீனாவில் செத்த லட்சக்கணக்கான பேரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறோம்.

மலர்விழி (சூரமங்கலம்)

ரெண்டு பேருமே கையிருப்பைப் பேசலை. எண்ணெய் விஷயத்தில் அதுதான் முடிவைத் தீர்மானிக்கும்.

ஜப்பானிடம் அப்போது இருந்தது அமைதிக்காலச் செலவுக்குச் சுமார் இரண்டு வருஷம், போர்ச் செலவுக்கு ஒன்றரை வருஷம் வரக்கூடிய எண்ணெய். அந்த ஒன்றரை வருஷமும் முழுசாகக் கைக்கு வராது. டேங்கின் அடியில் நிற்கும் எண்ணெயை பம்பு இழுக்காது, வண்டலும் தண்ணீரும் அங்கேதான் தங்கும். கப்பல் பாய்லருக்கு எரிக்கும் கறுப்பு எண்ணெய் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் விமானத்துக்கு உதவாது. மொத்தத்தில் இருப்பதாகத் தெரியும், வேண்டிய ரகத்தில் முன்னாடியே தீர்ந்துபோகும்.

இப்போ ஜப்பான் தலைவர்கள் கூடிய மேஜையில் உட்கார்ந்து பாருங்க. தினமும் டேங்க் இறங்குது, உள்ளே எதுவும் வரலை. எதிராளி கப்பல் கட்டிக்கொண்டே போகிறான். கடற்படைத் தலைமைத் தளபதி நகானோ வைத்த வாதமே இதுதான்: நாள் ஆக ஆக நாம் இளைப்போம், அவர்கள் பெருப்பார்கள், அடிப்பதென்றால் இப்போதே. வட பசிபிக்கின் குளிர்காலக் கடலும், மலாயாக் கரையில் படை இறக்கவிடாத வடகிழக்குப் பருவக்காற்றும் சேர்ந்து கெடுவை டிசம்பருக்கு இழுத்துவிட்டன. தம்பி சொன்ன மாதிரி திட்டம் முன்னாடியே இருக்கலாம். திட்டம் எல்லா ராணுவத்திடமும் அலமாரியில் இருக்கும். அதற்குத் தேதி குறித்தது டேங்க்.

தடை போட்ட விதத்தையும் பாருங்க. முழுசாக நிறுத்துவதென்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போடவில்லை. எண்ணெய் வாங்க இரண்டு அனுமதி தேவைப்பட்டது: ஏற்றுமதி லைசென்ஸ் ஒன்று, முடக்கிய கணக்கிலிருந்து அதற்கான பணத்தை விடுவிக்க இன்னொன்று. முதலாவது கிடைத்தாலும் இரண்டாவதை வெளியுறவுத் துறை அதிகாரி டீன் அச்செசன் இருந்த குழு நகர்த்தவே இல்லை. ரூஸ்வெல்ட் ஆகஸ்டில் சர்ச்சிலைச் சந்திக்க நியூஃபவுண்ட்லாந்துக்குப் போயிருந்தார். ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போகவில்லை என்பது செப்டம்பரில்தான் மேலிடத்துக்குத் தெளிவானது. அதற்குள் டோக்கியோவுக்கு அது முழுத் தடையாகவே ஆகிவிட்டது, பின்வாங்கினால் பலவீனம் என்று தோன்றும் கட்டமும் வந்துவிட்டது. அளவாகத் திருகி மூடலாம் என்று கொடுத்த குழாயை, அலுவலக நடைமுறையே முழுசாக மூடிவிட்டது.

பாலு (அஸ்தம்பட்டி)

நான் எழுதினதை வச்சுத்தானே இவ்வளவும், நானும் சொல்றேன். 1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினாங்க, விலை சுமார் 3 டாலரிலிருந்து 12-க்குப் போச்சு. அமெரிக்கா படையெடுத்துச்சா? இல்லை, 1974 மார்ச்சில் தடையே எடுத்தாச்சு. ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) குரோமியத்துக்கு 1966-ல் ஐ.நா. தடை போட்டுது. நம்ம சேலம் ஆலை உருட்டுற ஸ்டெயின்லெஸ் வகையில் 18 சதவீதம் குரோமியம், அது இல்லாம துருப்பிடிக்காத உருக்கே இல்லை. அமெரிக்கா என்ன பண்ணுச்சு? சோவியத் யூனியன்கிட்டயே போய்க் கூடுதல் விலைக்கு வாங்குச்சு, 1971-ல் தன் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டுத் தடையைத் தானே மீறுச்சு. போர் எங்க வந்துச்சு?

செல்வராசு (கருப்பூர்)

பாலு, உங்க ரெண்டு உதாரணத்திலயும் வேற கடை திறந்திருந்தது. எண்ணெய் கப்பலில் ஏறிட்டா யாரோட எண்ணெய்னு பிரிக்க முடியாது, 1973-ல் சுத்தி வளைச்சு வந்து சேர்ந்துடுச்சு. அப்படியிருந்தும் 1975 ஜனவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர், தொழில் நாடுகளோட கழுத்தையே நெரிக்கிற நிலை வந்தா படைபலத்தை விலக்க மாட்டோம்னு வெளிப்படையாவே சொன்னார்.

மாற்றுக்கு எவ்வளவு காலம் ஆகும்ங்கிறதுதான் கேள்வி. நம்ம கருப்பூர்ல வெட்டுற வெள்ளைக்கல்லையே எடுத்துக்குங்க, மேக்னசைட். 1914 வரை அமெரிக்க உருக்காலைகளோட உலை அடித்தளத்துக்கு இந்தக் கல் பெரும்பாலும் ஆஸ்திரியாவிலிருந்து போச்சு. போர் வந்து கடல்வழி அடைச்சதும் வரத்து நின்னுபோச்சு. வாஷிங்டன் மாநிலத்தில் கல் இருந்தது, ஆனா அப்படியே போட முடியலை. ஆஸ்திரியக் கல்லில் இயல்பாவே இரும்பு கலந்திருக்கும், சூளையில் அது இளகித் துகளைப் பிணைக்கும். வாஷிங்டன் கல்லில் இரும்பு குறைவு. 1,600 டிகிரிக்கு மேல சுட்டாலும் துகள் இறுகாது. இறுகாத தூளை உலை அடியில் கொட்டினா உருகின இரும்பைவிட அது பாதி எடைகூட இல்லை, மேல மிதந்து வந்துடும். இரும்புத் தாதுவைச் சேர்த்துச் சுட்டுத்தான் சரிபண்ணினாங்க. சுத்தமான கல்லே 100 கிலோ சுட்டா 48 கிலோதான் மிஞ்சும், மத்தது கரியமில வாயுவாப் போயிடும். அதனால வெட்டவும் ஏத்தவும் ரெண்டு மடங்கு வேலை. இத்தனை தொல்லை இருந்தும் சமாளிச்சாங்க, ஏன்னா கல் சொந்த மண்ணிலயே இருந்தது.

ஜப்பானும் முயற்சி பண்ணாம இல்லை. நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுக்க 1937-ல் பெரிய திட்டம் போட்டாங்க. உயர் அழுத்தக் கலன் செய்ய உருக்கு இல்லை, அனுபவமும் இல்லை. 1943-ல் கிடைச்சது இலக்கில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளூர்ல மாற்று இல்லை, வெளியில் வேற கடை இல்லை, ஆனா படை எட்டுற தூரத்தில் எண்ணெய்க் கிணறு இருக்கிற சுமத்ராவும் போர்னியோவும் இருக்கு. இந்த மூணும் ஒண்ணா அமைஞ்ச இடத்தில் தடை போடுறது போரைக் கூப்பிடுறதுதான்.

ஏற்காட்டுக் காற்று

மாற்று கிடைத்தால் அமைதி என்பதும் சரியில்லை, அண்ணே. 1914-ல் பிரிட்டன் கடலை அடைத்ததும் ஜெர்மனிக்குச் சிலி வெடியுப்பு நின்றது. வெடிமருந்து தீர்ந்து போர் சீக்கிரம் முடிந்திருக்கலாம். காற்றிலிருந்து அம்மோனியா எடுக்கும் ஆலை 1913-லேயே ஜெர்மனியின் ஓப்பாவில் ஓடத் தொடங்கியிருந்ததால் நாலு வருஷம் இழுத்தது. மாற்று போரைத் தடுக்கவில்லை, நீட்டித்தது.

இன்னொன்று, நம் மொழி பேசும் மண்ணிலேயே நடந்தது. 2006 ஜூலை 21-ல் இலங்கையில் மாவிலாறு மதகை விடுதலைப் புலிகள் மூடினார்கள். ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது. 26-ஆம் தேதி ராணுவம் இறங்கியது, கடைசிக்கட்டப் போர் அங்கிருந்து தொடங்கியதாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் 2005 கடைசியிலிருந்தே போர்நிறுத்தம் காகிதத்தில் மட்டும் இருந்தது. மதகைத் திறந்த பிறகும் போர் நிற்கவில்லை. இரு தரப்பும் தயாராக இருந்த இடத்தில் மதகு ஒரு தேதி கொடுத்தது, அவ்வளவே.

பாலு (அஸ்தம்பட்டி)

தண்ணின்னா எங்களுக்கு மேட்டூர். ஜூன் 12-ல் திறக்க முடியாத வருஷம் எத்தனையோ. அதுக்காக இங்க யாரும் படை திரட்டலை. 1990-ல் நடுவர் மன்றம், 2007-ல் தீர்ப்பு, 2018-ல் உச்ச நீதிமன்றம் 177.25 டி.எம்.சி.ன்னு ஒரு எண்ணைக் கொடுத்துச்சு. வயிறு எரிஞ்சாலும் போய் நிக்க ஒரு வாசல் இருக்கு. நாடுகளுக்கு நடுவுல அந்த வாசல் கிடையாது, அதுல செல்வராசு அண்ணன் பக்கம் நான் சாயறேன்.

மலர்விழி (சூரமங்கலம்)

வாசல் திறந்து பார்த்தார்கள், பாலு. 1941 நவம்பர் 20-ல் ஜப்பான் ஒரு யோசனை கொடுத்தது: தென் இந்தோசீனாவிலிருந்து படையை வடக்கே நகர்த்துகிறோம், எண்ணெய் கொடுங்கள் என்று. அமெரிக்காவும் மூன்று மாதத்துக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு தயாரித்தது, பொதுமக்கள் தேவைக்கு மட்டும் அளவோடு எண்ணெய். அதைக் கடைசி நேரத்தில் கைவிட்டு, 26-ஆம் தேதி அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கார்டெல் ஹல் கொடுத்த குறிப்பில் சீனாவிலிருந்தும் இந்தோசீனாவிலிருந்தும் முழுசாக வெளியேறு என்று இருந்தது. மூன்று மாதம் தள்ளியிருந்தால் மாஸ்கோ வாசலில் ஜெர்மனி உதைபட்டதை டோக்கியோ பார்த்திருக்கும். பருவமும் தவறியிருக்கும்.

ஏற்காட்டுக் காற்று

அக்கா, அந்த ஏற்பாட்டை எதிர்த்தது யார் என்று சொல்லாமல் விட்டுட்டீங்க. சீனத் தலைவர் சியாங் கை ஷேக் எதிர்த்தார், சர்ச்சிலும் சீனாவின் கதி என்ன என்று கேட்டார். பொதுமக்களுக்கென்று கொடுக்கும் ஒவ்வொரு பீப்பாயும் ராணுவத்துக்குச் சொந்த எண்ணெயில் ஒரு பீப்பாயை மிச்சம் பிடித்துக் கொடுக்கும். அந்த மிச்சம் சீன ஊர்கள்மேல் பறக்கும் விமானத்துக்குத்தான் போயிருக்கும். மேலும் ஹல் குறிப்பு டோக்கியோவுக்குப் போய்ச் சேருமுன்பே ஜப்பானின் வடக்கே ஹிதோகப்பு விரிகுடாவிலிருந்து பேர்ல் துறைமுகத்தைத் தாக்க விமானந்தாங்கிகள் கிளம்பிவிட்டன.

மலர்விழி (சூரமங்கலம்)

கிளம்பின கப்பலைத் திருப்பிக் கூப்பிடும் உத்தரவும் கூடவே இருந்தது தம்பி. பேச்சு பலித்தால் திரும்பு என்றுதான் அனுப்பினார்கள். மற்றபடி பீப்பாய்க் கணக்கில் நீங்க சொல்வதை மறுக்க மாட்டேன். அதனால்தான் மாதாமாதம், குறைந்த தரம், திரும்பப் போன படைக்கு ஏற்ற அளவு என்று கட்ட வேண்டும் என்கிறேன். போர் தொடுத்தும் அவர்களுக்கு எண்ணெய் நிலைக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சுமத்ராவின் பாலெம்பாங்கைப் பிடித்தார்கள், அங்கிருந்த சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்று பெரிய சேதமில்லாமல் கிடைத்தது, உற்பத்தியும் நினைத்ததைவிடச் சீக்கிரம் ஏறியது. ஊருக்குக் கொண்டுவரும் எண்ணெய்க் கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகள் ஒவ்வொன்றாக மூழ்கடித்தன. 1945-ல் தெற்கிலிருந்து வரத்தே நின்றுபோனது. கிணற்றைக் கணக்குப் போட்டவர்கள் கப்பலை எண்ணவில்லை.